ஒரு பெரிய எண்ணின் பண்புகளை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி? 87539319ஐ வைத்து ஒரு வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து, இதன் கணிதப் பண்புகள் என்னென்ன என்று கேட்டால் எங்கே தொடங்குவது? பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பண்பும் ஒவ்வோர் அத்தியாயத்தில் கிடக்கும். இணையத்தில் தேடினால் முடிவுகள் மட்டும் பட்டியலாக வரும். அந்த முடிவுக்கு எப்படிப் போனார்கள் என்பது வராது. தேவையில்லாத கணக்கெல்லாம் போட்டு அலைந்த பிறகுதான் எனக்கு ஒரு வரிசை பிடிபட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எடுத்துக்காட்டாக 87539319ஐ எடுத்துக்கொள்வோம். எட்டு கோடியே எழுபத்தைந்து லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து முன்னூற்றுப் பத்தொன்பது. கையாலேயே முடித்துவிடலாம், ஆனால் சப்பென்று இருக்காது. வகுத்தல், மீதி, வர்க்கம், கனம் இவை தெரிந்தால் போதும்.

## 1. எண்ணைப் பிழையில்லாமல் எழுதி வையுங்கள்

சிரிக்காதீர்கள், பாதிப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. காற்புள்ளி இல்லாமல் எழுதுங்கள். ஓரிடத்தில் 8,75,39,319 என்றும் இன்னோரிடத்தில் 87,539,319 என்றும் பார்த்து எழுதும்போது ஓர் இலக்கம் தாராளமாக விழுந்துபோகும்.

எழுதியவுடன் இரண்டு அடையாளங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது இலக்கங்களின் கூட்டுத்தொகை: 8+7+5+3+9+3+1+9 = 45. இரண்டாவது, வலக்கோடியிலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போவது: 9−1+3−9+3−5+7−8 = −1. அதாவது 11ஆல் வகுத்தால் மீதி 10.

இரண்டாவது எதற்கு? இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகைக்கு அது தெரியாது. 87593319 என்று மாற்றி எழுதினாலும் 45தான் வரும். ஆனால் 11ஆல் வகுத்த மீதி 10க்குப் பதில் 0 ஆகிவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் 11 எப்போதும் காட்டிக்கொடுக்கும்.

## 2. கையில் என்னென்ன வேண்டும்

100 வரையிலான பகா எண்களின் பட்டியல் ஒன்று. 1000 வரை இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நோட்டு. பத்து இலக்கமாவது காட்டும் கால்குலேட்டர். எட்டு இலக்கக் கால்குலேட்டரில் நம் எண் அடங்கிவிடும், ஆனால் பின்னால் வரும் தொகைகள் ஒன்பது இலக்கம், நடுவழியில் நின்றுவிடும்.

விரிதாளில் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கத்திலிருந்து சத்தமில்லாமல் சுழியம் போட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் வழக்கமான எண் வகைக்கும் எல்லை உண்டு: 9007199254740991 வரைதான் நம்பலாம். பைதானில் முழு எண்ணுக்கு இப்படிப்பட்ட எல்லை இல்லை. ஆனால் அங்கேயும் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் தசம எண்ணாக மாறி, பெரிய எண்களில் கடைசி இலக்கங்கள் கெட்டுப்போகும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள். வர்க்கமூலத்துக்கும் அப்படித்தான்: 3.8 பதிப்பு முதல் முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

செலவு என்று எதுவும் இல்லை. பைதான், எண் கணக்குகளுக்கான மென்பொருளான பாரி ஜிபி இரண்டும் இலவசம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, காரணிகளைப் பிரித்துத் தரும் ஃபாக்டர் என்ற கட்டளை பெரும்பாலும் கூடவே வந்திருக்கும். முதல் தடவையாவது கையால் செய்யுங்கள் என்பேன். கணினி விடையைக் கொட்டிவிடும், எந்தப் பண்பு எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் போகும்.

## 3. மலிவான மீதிகளை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்

பார்த்த மாத்திரத்தில் கிடைப்பவை: கடைசி இலக்கம் 9, ஆகவே 2ஆலும் 5ஆலும் வகுபடாது. கடைசி இரண்டு இலக்கம் 19. 4ஆல் வகுத்தால் மீதி 3. கடைசி மூன்று இலக்கம் 319. 8ஆல் வகுத்தால் மீதி 7. கூட்டுத்தொகை 45, ஆகவே 9ஆல் வகுபடும்.

அந்த 8இன் மீதி 7 என்பதற்கு ஒரு வட்டம் போட்டு வையுங்கள். ஏழாவது படியில் அதுதான் ஆட்டத்தை முடிக்கப் போகிறது.

## 4. பகாக் காரணிகளாகப் பிரியுங்கள்

முழு வேலையிலும் முக்கியமான படி இதுதான். நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போகும். மற்ற பண்புகளில் முக்கால்வாசி இதிலிருந்து தானாக விழும்.

விதி எளிது. சிறிய பகா எண்ணிலிருந்து வகுத்துக்கொண்டே போங்கள். வகுபட்டால் ஈவை எடுத்துக்கொண்டு அதை மட்டும் தொடருங்கள். கையில் மிஞ்சியிருக்கும் எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டிவிட்டால் நிறுத்திவிடலாம். மிஞ்சியிருப்பது பகா எண்.

87539319 ÷ 9 = 9726591. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 39. இன்னொரு 3 இருக்கிறது. 9726591 ÷ 3 = 3242197. கூட்டுத்தொகை 28, இனி 3 இல்லை.

அடுத்து 7, 11, 13. மூன்றையும் ஒரே அடியில் பார்த்துவிடலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலதுபக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாறி மாறிக் கூட்டிக் கழியுங்கள்: 197 − 242 + 3 = −42. 42 என்பது 7ஆல் வகுபடும், 11ஆலும் 13ஆலும் வகுபடாது. அப்படியானால் பெரிய எண்ணும் அப்படியே. 3242197 ÷ 7 = 463171. மறுபடியும் அதே சோதனை: 171 − 463 = −292. 292 என்பது 7, 11, 13 எதனாலும் வகுபடாது. சரி, மேலே போகலாம்.

463171ஐ 17ஆல் வகுத்தால் மீதி 6, 19ஆல் 8, 23ஆல் 20, 29ஆல் 12. 31ஆல் வகுத்தால் மீதி 0, ஈவு 14941.

14941இன் வர்க்கமூலம் 122க்குச் சற்று மேல். இனி 113 வரை பார்த்தால் போதும். மீண்டும் 31: மீதி 30. 37: 30. 41: 17. 43: 20. 47: 42. 53: 48. 59: 14. 61: 57. 67: மீதி 0, ஈவு 223. 67க்குக் கீழே எதுவும் இனி வகுக்காது என்று ஏற்கெனவே தெரியும். 223இன் வர்க்கமூலமோ 15ஐக்கூடத் தொடவில்லை. ஆகவே 223 பகா எண்.

87539319 = 3³ × 7 × 31 × 67 × 223

புதிதாக வருபவர்கள் வழுக்கும் இடங்கள் சில. காரணி கிடைத்ததும் அதே பகா எண்ணால் இன்னொரு முறை வகுத்துப் பார்க்காமல் அடுத்ததற்குத் தாவுவது முதலாவது. இங்கே 3 மூன்று முறை வந்தது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஈவு கிடைத்ததும் மறுபடி 2இலிருந்து தொடங்குவது. அது வீண். மூன்றாவது, கால்குலேட்டரின் தசமப் புள்ளியை நம்புவது. 463171 ÷ 23 = 20137.8695... என்று காட்டினால் முழுப் பகுதியை எடுத்து 20137 × 23 = 463151 என்று பெருக்கி, கழித்து மீதி 20 என்று எழுதுங்கள். இரண்டு விநாடி கூடுதலாகும். ஆனால் புள்ளிக்குப் பின்.9999 என்று வந்து குழப்பும் தொல்லை இருக்காது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 87539319இன் வர்க்கமூலம் 9356க்குச் சற்று மேல். இந்த எண்ணே பகா எண்ணாக இருந்திருந்தால் 9356 வரையுள்ள, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்திருக்க வேண்டும். சிறிய காரணிகள் வந்து விழுந்து எண் சுருங்கியதால் 67 வரை, வெறும் 19 பகா எண்களோடு முடிந்துவிட்டது. ஒரே எட்டு இலக்கம், ஒன்று அரைமணி நேரத்தில் முடியும், இன்னொன்று நாள் முழுவதையும் தின்றுவிடும்.

## 5. பெருக்கிச் சரிபாருங்கள்

27 × 7 = 189. × 31 = 5859. × 67 = 392553. × 223 = 87539319. சரி.

அவசரத்துக்கு மீதிகளை வைத்தும் சரிபார்க்கலாம், ஆனால் இந்த எண்ணுக்கு 9இன் மீதியைப் பயன்படுத்தாதீர்கள். காரணிகளில் 27 இருப்பதால் மற்றவற்றைத் தப்பாக எழுதினாலும் மீதி 0தான் வரும். 11ஐ எடுங்கள்: 27, 7, 31, 67, 223 ஆகியவற்றின் மீதிகள் 5, 7, 9, 1, 3. பெருக்கினால் 945, அதன் மீதி 10. முதல் படியில் குறித்து வைத்த அதே 10.

## 6. வகுத்திகள் பற்றிய எல்லாம்

இது சுலபமான அறுவடை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை: 4 × 2 × 2 × 2 × 2 = 64.

அந்த 64 வகுத்திகளின் கூட்டுத்தொகை: (1+3+9+27) × (1+7) × (1+31) × (1+67) × (1+223) = 40 × 8 × 32 × 68 × 224 = 155975680. அந்த எண்ணையே கழித்தால் 68436361. இது 87539319ஐவிடக் குறைவு. ஆகவே இது குறைவெண். கழிக்க மறந்துவிட்டு மிகையெண் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

1 முதல் 87539319 வரை இதனோடு 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? 18 × 6 × 30 × 66 × 222 = 47472480. தனித்து வரும் ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும். அடுக்கோடு வரும் 3க்கு மட்டும் 27 − 9 = 18. இதை 26 என்று போடுவதுதான் வழக்கமான தவறு.

## 7. வர்க்கங்களின் கூட்டுத்தொகையா?

முதலில், இதுவே வர்க்க எண்ணா என்று பாருங்கள். 9356² = 87534736, 9357² = 87553449. நடுவில் மாட்டிக்கொண்டது, வர்க்கம் இல்லை. உண்மையில் இந்தப் பெருக்கலே தேவையில்லை. வர்க்க எண்ணை 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1தான் வரும், நமக்கு வந்தது 3.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் இல்லை, அதே காரணம்தான்: 0 அல்லது 1ஐ இரண்டு முறை கூட்டினால் 3 வராது.

மூன்று வர்க்கங்கள்? வட்டம் போட்டு வைத்ததை இப்போது எடுங்கள். வர்க்க எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றுதான். இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 7 மீதி வராது. கதை முடிந்தது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பது லக்ராஞ்சியின் தேற்றம். நம் எண்ணுக்கு அந்த நான்கும் முழுசாக வேண்டியிருக்கிறது: 9355² + 151² + 22² + 3². கூட்டிப் பாருங்கள்: 87516025 + 22801 + 484 + 9.

தேடும்போது மிகப் பெரிய வர்க்கத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 9356² எடுத்தால் மிஞ்சுவது 4583. அதுவும் 8ஆல் வகுக்க மீதி 7 தருவது, மூன்று வர்க்கத்தில் அடங்காது. ஒன்று கீழே இறங்கி 9355² எடுத்ததும் வழி திறந்துவிட்டது.

## 8. கனங்களின் கூட்டுத்தொகையா?

நான்கு வர்க்கம் கேட்கிற எண், கனம் என்று வந்தால் இரண்டே போதும் என்கிறது. அதுவும் ஒரு வழியில் அல்ல. 1729ஐப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண். மூன்று விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 87539319. இதைக் கணிதவியலாளர் ஜான் லீச் 1957இல் கண்டுபிடித்தார்.

அது தெரியாமலே நாம் இதைக் கண்டுபிடித்துவிட முடியும். 1³, 2³, 3³ என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் 444 வரை போக வேண்டும். வேண்டாம். காரணிகள் கையில் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துவோம்.

அ³ + இ³ = (அ + இ) × (அ² − அ×இ + இ²). எனவே அ + இ என்பது நம் எண்ணின் வகுத்தியாகத்தான் இருந்தாக வேண்டும். 64 வகுத்திகள்தான், இன்னும் குறைக்கலாம். கூட்டுத்தொகையின் கனம் நம் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்; 444³ = 87528384 என்பது சிறிது, ஆகவே 445 அல்லது அதற்கு மேல். இன்னொரு பக்கம், கூட்டுத்தொகை மாறாமல் இருக்கும்போது இரண்டு எண்களும் சமமானால்தான் கனங்களின் தொகை மிகச் சிறிதாகும். அதனால் கூட்டுத்தொகையின் கனம் நம் எண்ணின் நான்கு மடங்கை, அதாவது 350157276ஐத் தாண்டக்கூடாது. 705³ தாண்டிவிடுகிறது. ஆகவே 445 முதல் 704 வரை.

இந்த இடைவெளியில் விழும் வகுத்திகள் நான்கே நான்கு: 469, 603, 651, 669.

ஓர் எண்ணையும் அதன் கனத்தையும் 3ஆல் வகுத்தால் ஒரே மீதிதான் வரும். நம் எண் 3ஆல் வகுபடுவதால் அ + இயும் வகுபட வேண்டும். 469 அவுட். மிச்சம் மூன்று.

ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது இதுதான்: கூட்டுத்தொகையின் வர்க்கத்திலிருந்து, நம் எண்ணை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்த ஈவைக் கழித்து, 3ஆல் வகுத்தால் அ × இ கிடைக்கும். கூட்டுத்தொகையும் பெருக்குத்தொகையும் தெரிந்தால் இரண்டு எண்களும் தெரிந்த மாதிரிதான்.

603ஐ எடுங்கள். 603² = 363609. 87539319 ÷ 603 = 145173. வித்தியாசம் 218436, மூன்றில் ஒரு பங்கு 72812. இனி இரண்டு எண்களின் வித்தியாசம்: 363609 − 4 × 72812 = 72361, அதன் வர்க்கமூலம் 269. ஆகவே எண்கள் (603 + 269) ÷ 2 = 436, (603 − 269) ÷ 2 = 167.

651க்கு வித்தியாசத்தின் வர்க்கம் 38025, வர்க்கமூலம் 195. எண்கள் 423, 228. 669க்கு 25281, வர்க்கமூலம் 159. எண்கள் 414, 255. மூன்றுமே பலித்துவிட்டன.

87539319 = 436³ + 167³ = 423³ + 228³ = 414³ + 255³

இந்த வழியின் அருமை வேறொன்றிலும் இருக்கிறது. மூன்று வழி இருக்கிறது என்பதோடு, நான்காவது இல்லை என்பதும் சேர்ந்தே நிரூபணமாகிவிடுகிறது. கணினியில் தேடிக் கிடைத்த பட்டியலைவிட இதைத்தான் நான் நம்புவேன். அப்புறம், எல்லா வழிகளும் ஒரே தரமில்லை: 423ம் 228ம் 3ஆல் வகுபடும், 414ம் 255ம் அப்படியே. இரண்டிலும் 27ஐ வெளியே எடுத்தால் 3242197 = 141³ + 76³ = 138³ + 85³ என்று வந்து நிற்கும். 436, 167 மட்டும்தான் பொதுக் காரணி இல்லாத ஜோடி.

வர்க்கமூலம் முழு எண்ணாக வராவிட்டால் அந்த வகுத்தியைத் தள்ளிவிடுங்கள். தோராயமாக வந்தது என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.

## 9. எழுதும் முறையைச் சார்ந்த பண்புகள்

இவற்றுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. பத்தடிமானத்தில் எழுதுவதால் வருபவை. இருந்தாலும் குறித்து வைக்கலாம். திருப்பி எழுதினால் 91393578, ஆகவே முன்பின் ஒத்த எண் இல்லை. இலக்கக் கூட்டுத்தொகையான 45ஆல் வகுபடுமா என்றால், கடைசி இலக்கம் 9 என்பதால் வகுபடாது. இரும எழுத்தில் 101001101111011111001110111: 27 இலக்கம், அதில் 19 ஒன்றுகள். கடைசி மூன்று ஒன்றுகள்தான் 8ஆல் வகுத்த மீதி 7.

ஒன்று மட்டும் சுவையானது. 1ஐ 87539319ஆல் வகுத்தால் தசமம் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்? வகுத்துப் பார்க்கப் போகாதீர்கள். 1/27க்கு 3, 1/7க்கு 6, 1/31க்கு 15, 1/67க்கு 33, 1/223க்கு 222. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12210. அத்தனை இலக்கங்களுக்குப் பிறகுதான் சுழற்சி மீண்டும் தொடங்கும்.

## 10. அட்டவணையில் தேடுவது கடைசியில்

முழு எண் தொடர்களின் இணையக் களஞ்சியத்தில் உங்கள் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். கட்டணம் இல்லை. 87539319ஐப் போட்டால் ஏ011541 என்ற தொடர் வரும். 2, 1729, 87539319 என்று தொடங்கும். ஆனால் அங்கே ஒவ்வொரு தொடருக்கும் முதல் சில உறுப்புகளே பட்டியலில் இருக்கும். பெரிய எண் ஒரு தொடரில் வெகுதூரம் தள்ளி வந்தால் தேடலில் அகப்படாது. எதுவும் வரவில்லை என்பதற்கு எந்தப் பண்பும் இல்லை என்று பொருளில்லை.

## 11. எண் இன்னும் பெரிதானால்

ஒவ்வோர் இரண்டு இலக்கம் கூடும்போதும் வர்க்கமூலம் பத்து மடங்காகிறது. கையால் என்றால் எட்டு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 20 இலக்க எண்ணைக் கையால் பார்க்க முயன்றால், மோசமான நிலையில் 10000000000 வரையுள்ள 455052511 பகா எண்களால் வகுக்க வேண்டியிருக்கும். பாரி ஜிபி அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

சிறிய காரணிகளை எடுத்த பிறகு ஒரு பெரிய பகுதி மிஞ்சினால், பிரிக்க முயல்வதற்கு முன் அது பகா எண்ணா என்று சோதியுங்கள். சோதிப்பது விரைவு, பிரிப்பது மெது. ஆனால் ஃபெர்மா சோதனையை மட்டும் நம்பாதீர்கள்; 561 = 3 × 11 × 17 அதை எளிதாக ஏமாற்றும். மில்லர்-ராபின் சோதனை மேல், ஆனால் 2, 3, 5, 7 என்று நான்கு அடிமானம் (சோதிக்க எடுத்துக்கொள்ளும் எண்) மட்டும் வைத்தால் 3215031751 என்ற பகு எண் தப்பித்துவிடும். 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களையும் அடிமானமாக வைத்தால் 2இன் 64ஆம் அடுக்குக்குக் கீழே எதுவும் தப்பாது.

நூற்றுக்கணக்கான இலக்கங்கள் என்றால் கணக்கே வேறு. ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணை 2020இல் பிரித்தார்கள். கணினிச் செயலியின் ஒரே ஒரு கருவகம் (கோர்) மட்டும் ஓடியிருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும் அளவு வேலை அது. உங்கள் எண் அந்த வகையில் மாட்டினால் கிடைத்த காரணிகளை எழுதி, மிஞ்சியதற்கு "பகு எண், இத்தனை இலக்கம், பிரிக்கப்படவில்லை" என்று குறித்துவிட்டு மேலே போங்கள். மூன்றாவது படியின் மீதிகள், ஏழாவது படியின் மூன்று வர்க்கச் சோதனை எல்லாம் காரணி தெரியாமலே வேலை செய்யும், அவற்றை முடித்துவிடலாம்.